நல்ல இன்ஜின்

அவருடைய காரியத்துக்கு வந்திருந்த லாரி டிரைவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்.

"காதுன்னா அது காது. இனிமே யாரு இருக்கா அப்படி?"

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "இன்ஜினு இன்னா பேசுதுன்னு அவருக்கு மட்டும்தாம்மா கேக்கும்."

நான் டம்ளர்களில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். இறந்துபோனவரைப் பற்றி மருமகள் என்ன சொல்ல முடியும்? என் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காதுகளுக்குப் பின்னால் இருந்த கருவிகளை அந்த டிரைவர் பார்த்தார். பிறகு காபி நன்றாக இருக்கிறது என்றார்.

என் மாமனார் ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் பெரிய டீசல் வண்டிகளுக்கு இன்ஜின் வேலை பார்த்தவர். பச்சைத்தோல் ஏற்றி வரும் லாரிகள், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் டேங்கர்கள், ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்கள் எல்லாம் அவரிடம் வரும். ஊருக்கு அவர் மேஸ்திரி. எனக்கு மாமா. ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் டீசல் வாசனை வரும். காற்று திரும்பினால் தோல் வாசனை வரும். வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இரண்டும் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாதது அவர் கேட்கும் கேள்விதான்.

எது கோளாறு என்று யார் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, "யாரு சொன்னது? மீட்டரா?"

கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டரில் நூற்றிரண்டு காட்டியது. என் கணவர் மாத்திரை வாங்கக் கிளம்பினார். மாமா தடுத்தார். "இரு. மொதல்ல அதை இங்க கொண்டா." தெர்மாமீட்டரைத் துடைத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "மீட்டர் யோக்கியன்தான். எனக்குச் சரியாக் காட்டுது. போய் மாத்திரை வாங்கினு வா." நான் போர்வைக்குள் சிரித்தேன். காய்ச்சலோடு சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

காய்கறிக்காரரின் தராசையும் அவர் விடமாட்டார். பெரிய ஸ்பேனர் ஒன்றின் எடை அவருக்குத் துல்லியமாகத் தெரியும். முதலில் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்திரிக்காய். "நல்ல இன்ஜின்ல மாட்டிப் பாத்தா மீட்டரோட யோக்கியதை தெரிஞ்சிரும்" என்பார். எதற்கும் இதே வாக்கியம்தான்.

இது வெறும் கிறுக்கு அல்ல. அவர் தொழிலில் இதில் நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். சொன்னால் எனக்கே அநியாயம் செய்துகொள்வதுபோல இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஓடும் வண்டியில் ஆயில் லைட் எரிந்தால், இன்ஜினுக்குள் எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். அதற்குக் காரணம் பல இருக்கலாம். எண்ணெயே குறைந்திருக்கலாம். அதில் டீசல் கலந்து தண்ணீராகியிருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். பேரிங் போயிருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், லைட்டை எரியவைக்கும் அந்தச் சின்ன சுவிட்சு மட்டும் பழுதாகியிருக்கலாம். அவசரக்கார மெக்கானிக் இன்ஜினையே இறக்கிவிடுவார். மாமா இறக்கமாட்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தபோது ஒரு கம்பெனி பஸ் வந்தது. வேறு ஷெட்டில் பேரிங் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். பஸ்காரர் அழாத குறை. மாமா அந்த சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் தன்னுடைய பித்தளை மீட்டரைத் திருகினார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, சூடானதும் ஒரு முறை, மெதுவாக ஓடும்போது, உறுமவிட்டு என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்ஜினின் மேல் மூடியைத் திறந்து பஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். வால்வுகளை மாறி மாறி அழுத்தும் இரும்புக் கைகள் வரிசையாக எண்ணெயில் நனைந்து மினுமினுத்தன.

"கீழேந்து கெளம்புற ஆயிலு கடைசியா வந்து சேர்ற எடம் இதுதான். இங்க ஈரமா இருந்தா எங்கயும் ஈரமாத்தான் இருக்கும். உன் இன்ஜினு ராஜா மாதிரி இருக்குது. மீட்டர்தான் பொய் சொல்லுது. சந்தேகமா இருந்தா இன்னொரு மீட்டர் வச்சுப் பாக்கணும். இன்ஜினைப் பிரிக்கக் கூடாது."

அன்று எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. இப்படி ஒருவர் நம் வீட்டிலும் இருக்கிறார், நமக்கு ஒன்று என்றால் அவசரப்பட்டு யாரும் நம்மைப் பிரித்துப் போட்டுவிட மாட்டார்கள் என்று நினைத்தேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் பயப்படுகிற என்னைப் போன்றவளுக்கு அது பெரிய ஆறுதல்.

அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் 'பல்லு மேஸ்திரி' என்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் இன்ஜினின் சத்தத்தைக் கவனிக்க நீளமான ஸ்குரூ டிரைவரை மேல்மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார்கள். இவர் பிடியைப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொள்வார். கண்ணை மூடி, கம்பியைக் கடித்தபடி இன்ஜினுக்கு மேல் குனிந்து நிற்பதைப் பார்க்கத் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் டிரைவர்கள் செல்போனோடு வருவார்கள். "ரெண்டாவது வால்வு லூசு" என்று வாயிலிருந்து கம்பியை எடுத்துவிட்டுச் சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

"சின்ன வயசுல நான் பாக்கறப்ப காதுலதான் வப்பாரு" என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். "எப்ப பல்லுக்கு மாத்தினாருன்னு ஞாபகமில்ல."

நாங்கள் இருவருமே அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

பாப்பாவுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடவில்லை. முதுகுப் பக்கம் நின்று டம்ளரில் ஸ்பூனால் தட்டினேன். பொம்மையின் காலைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் கதவு படாரென்று அடித்தால் மட்டும் திரும்பினாள். அப்படியென்றால் கேட்கிறதா? கேட்டால் ஏன் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை? விளையாட்டில் கவனமா? நான்தான் ஒன்றைப் பத்தாக்குகிறேனா? ஒரு நாளைக்கு ஒரு முடிவுக்கு வந்து, மறுநாள் மாற்றிக்கொள்வேன்.

மாமாவிடம் சொன்னேன். "யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல மாமா. எனக்குத்தான் தோணுது."

"தோணுதா?" என்று சிரித்தார். பாப்பாவை வாங்கிக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்தார். ஷெட்டிலிருந்து பழைய பிரேக் டிரம் ஒன்றை உருட்டிவந்து அவளுக்குப் பின்னால் போட்டு, சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டார். எனக்கே காது அடைத்தது. பாப்பா வெடுக்கென்று திரும்பி, தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா? இதுக்கா இவ்ளோ பேஜாரு? புள்ளைக்குக் காது பாம்புக் காது."

என் கணவரின் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாவே பாத்துட்டாரு, அப்புறம் இன்னா?" என்றார். நானும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தவள் நான். காற்றைவிடத் திடப்பொருளில் ஒலி வேகமாகப் போகும் என்று மேசையில் பிள்ளைகளின் காதை வைக்கச் சொல்லி, மறுமுனையில் தட்டிக் காட்டியிருக்கிறேன். அந்தச் சிமெண்டுத் தரையும் ஒரு மேசைதான் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் கேட்டார், "கூப்ட்டா திரும்புறாளா?"

"தெரியல சிஸ்டர்."

"பெத்தவ நீ. தெரியலன்னா எப்படி? போய் வேலூர்ல காட்டு."

இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அவருடைய வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். "மாமா, நீங்கதானே சொல்வீங்க, சந்தேகமா இருந்தா இன்னொரு மீட்டர் வச்சுப் பாக்கணும்னு. ஒரு தடவை பாத்துட்டு வந்துடறோம்." அவர் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். "போய்ட்டு வாங்க. அப்பவாவது உன் மனசு அடங்கும்" என்றார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பாப்பாவைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்கள் ஒட்டி, காதில் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். செவித்திறன் பார்க்கும் பெண் என்னைவிட இளையவராக இருப்பார். இரண்டு காதும் மிகவும் குறைவு என்றார். நான் பிரேக் டிரம் கதையைச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப குழந்தை தரையில உக்காந்திருந்தாளா, உங்க இடுப்புல இருந்தாளா?"

"தரையில."

"அது கேட்டதில்லம்மா. தரை அதிர்ந்திருக்கும்." பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார், "சீக்கிரமே கருவி மாட்டிடலாம். தள்ளிப் போடாதீங்க சார். இந்த வயசுல காதுல விழுந்தாதான் பின்னால வாயில வரும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "தூங்க வச்சா பாத்தாங்க?"

"ஆமாப்பா" என்றார் என் கணவர்.

"தூங்குற புள்ளைக்கு எப்படிடா கேக்கும்? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எவனாவது ஆயில் பிரஷர் பாப்பானா?"

அது அப்படியில்லை, மூளையின் அலைகளைப் பார்க்கிறார்கள் என்று நான் விளக்கினேன். அவர் கையை வீசி நிறுத்தினார். "அந்த மெஷினை நான் பாக்கணும். என்னையும் இட்டுனு போ."

அடுத்த முறை அவரும் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். அந்தப் பெண்ணிடம் மரியாதையாகவே பேசினார்.

"யம்மா, தப்பா நெனச்சுக்காதே. மொதல்ல எனக்கு மாட்டு. எனக்குச் சரியாக் காட்டுச்சுன்னா, புள்ளைக்குக் காட்டினதையும் நான் ஒத்துக்கறேன். நல்ல இன்ஜின்ல மாட்டிப் பாத்தாத்தானே மீட்டரோட யோக்கியதை தெரியும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "வாங்க ஐயா. தாத்தாவுக்கும் பாத்துக்கறது நல்லதுதான்."

பெரியவர்களுக்கான சோதனை வேறு. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நாங்கள் வெளியே அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றோம். அவர் பொத்தானை அழுத்தினார். மாமா கையைத் தூக்கினார். மறுபடி அழுத்தினார். தூக்கினார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பெருமைதான் என்று நினைக்கிறேன்.

நான் மாமாவின் கண்களைப் பார்த்தேன். அவை அந்தப் பெண்ணின் தோளின்மேல் இருந்தன. பொத்தானை அழுத்தும்போது தோள் கொஞ்சம் அசையும். அசைந்ததும் கை மேலே போனது. ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ வருடங்களாக மனிதர்களை அப்படித்தான் அவர் கேட்டுவந்திருக்கிறார் என்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. பேசுபவரின் வாயையே பார்ப்பது, ஒவ்வொன்றுக்கும் "இன்னா?" என்பது, யாரையும் பேசவிடாமல் தானே பேசுவது, எல்லாம். ஷெட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். "இன்னா" என்று எங்கள் பக்கத்தில் யார்தான் கேட்கவில்லை?

அந்தப் பெண்ணும் கவனித்துவிட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பிறகு அழுத்தினார். மறுபடி அழுத்தினார். திருகிக் கூட்டி, மறுபடியும் அழுத்தினார். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த சத்தம் கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கே லேசாகக் கேட்டது. மாமாவின் கை தொடையின்மேலேயே இருந்தது. எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருப்பவர்போல அவர் நேராக உட்கார்ந்திருந்தார். பாப்பாவின் முகத்தில் நான் தினமும் பார்க்கும் அமைதி அந்த முகத்திலும் இருந்தது.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அது அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஐயா, உங்களுக்கு ரெண்டு காதும் ரொம்ப கம்மியா இருக்கு" என்று அந்தப் பெண் அவர் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகச் சொன்னார். "இரைச்சல்லயே வேலை பாத்ததால வந்திருக்கலாம்."

மாமா எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை, வெட்கம் இல்லை. ஜெயித்த களைதான் இருந்தது.

"நான் சொன்னேன் பாத்தியா? எனக்கே காது கேக்கலன்னு காட்டுது. எனக்கே! இந்த மெஷினு கெட்டுப்பூடுச்சு. இதை வச்சுக்கினு புள்ளைக்குக் காது இல்லன்னு சொல்லிட்டாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகனுக்கு அதையே மறுபடி மறுபடி விளக்கினார். நல்ல இன்ஜினில் மாட்டினோம், தப்பாகக் காட்டியது, ஆக மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது, ஆக பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. எந்த இடத்திலும் பிசகாமல் போகும் கணக்கு. முதல் வரியைத் தவிர. என் கணவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மாமா, அவங்க சொன்னது நிஜமா இருந்தா?" என்று கேட்டேன்.

"இன்னா?" என்றார்.

இரண்டாவது முறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு போன மாதங்களைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. "அப்பா இவ்ளோ உறுதியாச் சொல்றாரு, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே" என்பார் என் கணவர். நான் ஒருநாள் பையும் பாப்பாவுமாக பஸ் ஸ்டாண்டு வரை போனேன். வேலூர் பஸ் வந்து நின்றது. ஒருவேளை மாமா சொல்வதுதான் சரியென்றால்? தேவையில்லாமல் ஒரு கருவியைக் குழந்தையின் காதில் மாட்டி, இருப்பதையும் கெடுத்துவிட்டால்? கண்டக்டர், "ஏறும்மா, ஏறு" என்றார். பஸ் போன பிறகு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அதற்கு முன்பெல்லாம் பாப்பா தனக்குத்தானே "ம்மா, ம்மா, ப்பூ" என்று ஏதாவது சத்தமிட்டுக்கொண்டிருப்பாள். அது குறைந்துகொண்டே வந்தது. என்று நின்றதென்று எனக்குத் தெரியாது. ஒரு மதியம் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது.

எங்களை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது ஒரு லாரி.

பேரணாம்பட்டு பாய் ஒருவரின் தோல் லாரி அது. சில மாதங்களுக்கு முன்னால் அதன் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தவர் மாமாதான். வண்டி நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது, ஓட்டினால் அணைந்துவிடுகிறது என்று டிரைவர் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை. என் கணவரும் வீட்டில் இருந்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றேன்.

"மேஸ்திரி, மேலயும் சத்தம் கேக்குது. டிக்கு டிக்குனு அடிக்குது" என்றார் டிரைவர்.

மாமா ஸ்குரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு குனிந்தார். எனக்கு நின்ற இடத்திலேயே அந்த டிக் டிக் கேட்டது. இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். மாமா கம்பியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒண்ணுமில்ல. சுவிட்சு கெட்டுப்பூடுச்சு. மாத்திக்கோ."

"இல்ல மேஸ்திரி, நல்லாவே அடிக்குதே. இங்க கேளுங்க."

"எனக்குக் கேக்கலையேடா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கே கேட்கவில்லையென்றால் சத்தம் எங்கே இருக்கிறது? டிரைவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

பித்தளை மீட்டர் அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மேல்மூடியைத் திறக்கவில்லை. 'மீட்டர்தான் பொய் சொல்லுது' என்ற முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, 'இன்னொரு மீட்டர் வச்சுப் பாக்கணும்' என்ற இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரைவர் சுவிட்சை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்.

லாரி ஆந்திராப் பக்கத்து மலையேற்றத்தில் நின்றுவிட்டது. அதைக் கட்டி இழுத்து வேறு ஷெட்டில் பிரித்தார்கள். பாய் ஆள் அனுப்பியும் மாமா போகவில்லை. என் கணவரை அனுப்பினார். அவர் அங்கே பார்த்ததை எனக்குச் சொன்னார். மேல்மூடியைத் திறந்தபோது உள்ளே ஈரமே இல்லையாம். வால்வை அழுத்தும் இரும்புக் கைகள் காய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தனவாம். எண்ணெயின் அழுத்தம் மிகும்போது திறந்து, குறையும்போது மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன வால்வு கீழே இருக்கிறது. இன்ஜின் பாகங்களை ஒட்டும் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்து, ஒரு சுருளாக அதில் சிக்கிக்கொண்டதால் வால்வு மூடாமலே இருந்திருக்கிறது. எண்ணெய் கீழேயே திரும்பி ஒழுகிவிட்டது. மேலே வரை ஏறவில்லை. அந்தச் சுருளைப் புதிய மெக்கானிக் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாராம். சாம்பல் நிறம். மாமா வாங்கும் டியூபின் நிறம்.

டிரைவர் என் கணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொன்னேன் சார். எல்லாருக்கும் கேட்டுச்சு. மேஸ்திரிக்குத்தான் கேக்கல."

பாய் நேரில் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மேஸ்திரி சாப், என் வண்டியில ஆயில் லைட்டுனு ஒண்ணு இருந்துச்சு. அது கத்துச்சு. நான் அதை நம்பல, உங்களை நம்பினேன்."

மாமா, "டிரைவர் கலப்பட ஆயிலு ஊத்தியிருக்கான்" என்றார். பாய் சலாம் சொல்லிவிட்டுப் போனார். காரியத்துக்கு அவர் வரவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். தரையில் இல்லை, தோளில். அவள் காதுக்குப் பின்னால் கையை நீட்டி விரலைச் சொடுக்கினார். மறுபடி சொடுக்கினார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வேலூர் போலாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. என் மகளின் காதைவிட ஒரு லாரியின் இன்ஜினுக்கு இந்த வீட்டில் மதிப்பு அதிகம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

கருவி மாட்டினோம். பேச்சுப் பயிற்சிக்காக வேலூருக்கே குடிவந்தோம். மாமா அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். அவருக்கும் கருவி வாங்கிக் கொடுத்திருந்தோம். அது டப்பாவோடு ஷெட்டில் நட்டு போல்ட்டுகளுக்கு நடுவில் கிடந்தது.

முன்னாலேயே மாட்டியிருந்தால் இவ்வளவு கஷ்டப்பட மாட்டாள் என்று பயிற்சி கொடுப்பவர் ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். பிறகு, அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று மாற்றிக்கொண்டார். எனக்கு முதலில் சொன்னது மட்டும் நிற்கிறது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, என் தொண்டையில் அவள் கையை வைத்து, நாக்கின் நுனியைப் பல்லில் முட்டவைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டுவந்தோம். போன பொங்கலுக்கு ஆம்பூர் போவதற்கு முன்னால் 'தாத்தா' என்று சொல்லப் பழக்கினேன். ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரைச் சந்தோஷப்படுத்தவா, குத்திக் காட்டவா?

நாங்கள் போனபோது அவர் ஷெட் வாசலில், பழைய பஸ் சீட்டுக்கு இரும்புக்கால் வைத்துச் செய்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகு எங்கள் பக்கம். ஷெட்டில் வண்டி எதுவும் இல்லை.

பாப்பா என் கையை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "தாத்தா" என்றாள். தெளிவாக வந்தது. வீட்டில்கூட அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தா" என்றாள் மறுபடியும், இன்னும் உரக்க.

பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமோ ஏமாற்றமோ இல்லை. என்ன விஷயம் என்று புரிந்துகொண்ட முகம். கீழே கிடந்த ஸ்பேனரை இரண்டு கையாலும் தூக்கி, பெஞ்சின் இரும்புக்காலில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

அவர் உடனே திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியாம்மா? காது இல்ல, காது இல்லன்னு சொன்னீங்களே. எனக்கு இப்ப கேக்கலையா?"

நான் சுற்றிக்கொண்டு போய், என் வாய் அவருக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் நின்றேன்.

"பாப்பா உங்களைத் தாத்தான்னு கூப்பிட்டா, மாமா."

"எப்போ?" என்றார்.